பேரலுக்கு வைத்த அரக்கு

பேரலுக்கு அரக்கு வைக்கலாம் என்று சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்கள் அலுவலகத்தில் ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். மேலிடத்து உத்தரவு என்றார்கள், எப்போதும் அப்படித்தான் வழக்கம் என்றார்கள். மேலிடம் ஒன்றும் சொல்லவில்லை, அப்படி ஒரு வழக்கமும் கிடையாது. யோசனை என்னுடையது. அதைச் சொன்ன அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எண்பதுகளின் பிற்பகுதி. கள்ளக்குறிச்சி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளர். அப்பா பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால் வாரிசுக்கென்று கிடைத்த வேலை. எனக்கு வயது இருபத்தாறு. யாரையும் லேசில் நம்பாத குணம் சின்ன வயதிலிருந்தே உண்டு. பால்காரர் ஊற்றும் பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். மளிகைக்கடையில் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். கடைக்காரர் முறைப்பார், நான் திருப்பி முறைப்பேன். இந்தக் குணத்தை அலுவலகத்தில் திறமை என்று நினைத்துக்கொண்டார்கள். சரிபார்க்கிற வேலை எதுவாக இருந்தாலும் என் மேசைக்குத்தான் வரும்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு வாரம் சாலை மறியல் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். ஊரில் எல்லாரும் எல்லாரையும் ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தோம். யார் எந்தச் சாதி, யாருடைய மச்சான் மறியலுக்கு ஆள் திரட்டுகிறான், யார் போலீசுக்குத் தகவல் சொல்கிறான் என்று மனசுக்குள் ஆளுக்கொரு பட்டியல் ஓடியது. டீக்கடையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். அலுவலகத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஒருவர் எழுந்து வெளியே போனால், எங்கே போகிறார் என்று மற்ற நான்கு பேரும் சன்னலைப் பார்ப்போம்.

அந்த நேரத்தில்தான் கடலூரிலிருந்து சுற்றறிக்கை வந்தது. அப்போது எங்களுக்கு மாவட்டத் தலைமை கடலூர். மறியலில் லாரிகள் நின்றுபோனால் டீசலும் மண்ணெண்ணெயும் வராது, மின்சாரமும் போகலாம், ஆகவே ஒவ்வொரு ஒன்றியமும் தன் பகுதியில் யாரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, யாரிடம் எண்ணெய் இருப்பு இருக்கிறது என்று கண்டறிந்து, அவர்களோடு பேசி, ஆஸ்பத்திரிக்கும் குடிநீருக்கும் கிடைக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது. நல்ல சுற்றறிக்கைதான். அதைப் படித்ததும் எங்கள் பி.டி.ஓ. என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

பட்டியல் எடுக்கப் பியூனை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பியூனுக்கு ஓய்வுபெறும் வயது, ஊரில் எல்லாரையும் தெரியும். இருந்தும் பாதிப் பேர் வாயைத் திறக்கவில்லை. கிணற்றடியில் டீசல் எஞ்சின் வைத்திருந்த விவசாயி ஒருவர் எங்கள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கும்மா எழுதிக்கினு போற? போலீசுக்கா?"

"ஆஸ்பத்திரிக்குங்க. கரண்டு போனா வேணுமில்ல."

"எங்கிட்ட ஒரு சொட்டு இல்ல."

அவர் பின்னால் கொட்டகையில் சாக்கு போட்டு மூடிய பேரல் ஒன்று நின்றது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். காகிதத்தை மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

கடைசியில் ஐந்து பேர் மட்டும் இருப்பை ஒப்புக்கொண்டார்கள். மூன்று ரைஸ்மில்காரர்கள், ஒரு செங்கல் சூளைக்காரர், பிறகு சினிமா கொட்டகை முதலாளி. அவர்களையும் அரசு ஆஸ்பத்திரி டாக்டரையும் வைத்து பி.டி.ஓ. ஒரு கூட்டம் போட்டார். டாக்டர் தெற்கத்தி ஆள், ஊருக்குப் புதிது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வெளிச்சத்துக்கு நான் பெட்ரோமாக்ஸ் வச்சுச் சமாளிச்சுக்குவேன். ஃப்ரிட்ஜ் நிக்கக்கூடாது. நாய்க்கடி ஊசி மருந்து அதுலதான் இருக்கு. மலையிலிருந்து ஒரு பெண் குழந்தை வந்து இப்பத்தான் போட ஆரம்பிச்சிருக்கா. பதினாலு ஊசி. நடுவுல விடமுடியாது."

கொட்டகை முதலாளி யோசிக்கவே இல்லை. டூரிங் டாக்கீஸ் நடத்திய காலத்து ஜெனரேட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. "நான் குடுக்குறேங்க. ரெண்டு பேரல் டீசலும் இருக்குது. கரண்டு போன மறுநாளே ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டாந்து எறக்கிடுறேன்" என்றார். நான் எழுதினேன். எழுதும்போதே எனக்கு உறுத்தியது. கேட்டவுடன் சரி என்கிற ஆளை நான் நம்பியதே இல்லை. மறியல் வந்தால் ஊரில் டீசலுக்குப் பறப்பார்கள். இந்த மனுஷன் வெளியே விற்றுவிட்டு, ஆஸ்பத்திரிக்கு அடிவண்டலை அனுப்புவார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதற்குச் சாட்சி ஒன்றும் கிடையாது. கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார், அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்ததும் பி.டி.ஓ.விடம் போய், "சார், ஒப்புக்கிட்ட பேரல் அத்தனைக்கும் நம்ம ஆபீஸ் முத்திரை போட்டு அரக்கு வெச்சிடலாம். ஒருத்தரும் கை வைக்க முடியாது" என்றேன். அவருக்கு முகம் மலர்ந்தது. உத்தரவு எழுது என்றார். நானே எழுதினேன், நானே தட்டச்சு செய்தேன். மேற்படி முத்திரைகள் கீழே கையொப்பமிட்டுள்ள அலுவலரின் முன்னிலையில் மட்டுமே உடைக்கப்பட வேண்டும், மீறுவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று கடைசி வரி. அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கீழே பி.டி.ஓ. கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பியூன் மெழுகுவத்தியில் அரக்கை உருக்கினார். மூடியின் மேல் காடாத்துணி, அதைச் சுற்றிச் சணல், முடிச்சின்மேல் சிவப்பு அரக்கு, அதில் பித்தளை முத்திரை. ஓட்டுப்பெட்டிக்கு வைப்பதுபோல அத்தனை பேரலுக்கும் வைத்தோம். கொட்டகையில் ஜெனரேட்டரின் தொட்டியில் கொஞ்சம் டீசல் கிடந்தது. அரக்கு வைக்கும் முன்பே அதையும் வடித்துப் பேரலில் ஊற்றச் சொன்னேன். முதலாளி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார்.

"இது எதுக்கும்மா? அதுல கெடந்தா இன்னா?"

"ரூல் அப்படிங்க."

அப்படி ஒரு ரூல் இல்லை. அவர் சிரிக்காமல் ஆளைக் கூப்பிட்டு வடிக்கச் சொன்னார். மறியலுக்கு முன் ஆலோசனை என்று கடலூரில் கூட்டம் கூப்பிட்டார்கள். பி.டி.ஓ. சனிக்கிழமை போனார், ஞாயிறு மாலை வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வரவில்லை. திங்கட்கிழமை மறியல் தொடங்கியது. உளுந்தூர்பேட்டைச் சாலையில் வழிநெடுகப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. மரம் விழுந்த இடத்தில் மின்கம்பியும் தந்திக்கம்பியும் சேர்ந்து அறுந்தன. செவ்வாய்க்கிழமை காலை ஊரில் மின்சாரம் போனது. தொலைபேசியை எடுத்தால் சத்தமே இல்லை.

என் பட்டியலில் இல்லாத ஆள் ஒருவர் முதலில் வந்தார். குச்சி ஐஸ் கம்பெனி வைத்திருந்தவர். எழுத்தில் கொடுக்கமாட்டேன் என்றதால் நான் சேர்க்காமல் விட்டிருந்தேன். தன்னிடம் மிச்சமிருந்த ஐஸ் பாளத்தை உமி மூட்டையில் வைத்து, சைக்கிளில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். மருந்துக் குப்பிகளை அந்த ஐஸோடு சேர்த்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார்கள்.

புதன்கிழமை காலை கொட்டகை முதலாளி சொன்னபடி வந்தார். மாட்டுவண்டியில் ஜெனரேட்டர், இன்னொரு வண்டியில் இரண்டு பேரல். என் அரக்கு ஒரு விரிசல் இல்லாமல் அப்படியே இருந்தது. டாக்டர், கம்பவுண்டர், எலக்ட்ரீசியன் எல்லாரும் வாசலில் நின்றார்கள். ஆள் வந்து கூப்பிட்டதும் நானும் பியூனும் ஓடினோம்.

"ஒடைங்கம்மா" என்றார் முதலாளி.

"நீங்க ஒடைங்க. உங்க பேரல்தானே."

"ஐயோ, நான் தொடமாட்டேன். கவர்மெண்டு முத்திரை. ஒடைச்சா நடவடிக்கைன்னு நீங்கதானே எழுதிக் குடுத்துக்கீறீங்க. நான் கை வெச்சா நாளைக்கு எம்மேல கேசு."

அவருக்கு என்மேல் சந்தேகம். தன்னைச் சிக்கவைக்க நான் வலை விரித்திருக்கிறேன் என்று நினைத்தார். எனக்கு அவர்மேல் சந்தேகம். உள்ளே அரைப் பேரல்தான் இருக்கும், நான் உடைத்தால் குறைந்ததெல்லாம் என் தலையில் விழும், அதற்காகத்தான் என்னை உடைக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். வாரிசு வேலை. அது போனால் அம்மாவும் இரண்டு தம்பிகளும் நானும் நடுத்தெருவில் நிற்க வேண்டும். தாசில்தாரிடம் ஓடினேன். முத்திரை தன் அலுவலகத்துடையது இல்லையே என்று கை கழுவினார். மற்ற நான்கு பேரின் பேரல்களும் இதே அரக்கோடுதான் நின்றன. உள்ளதைச் சொன்னவர்களின் எண்ணெயெல்லாம் பூட்டிக் கிடந்தது. சொட்டு இல்லை என்று சாதித்தவர்களின் எண்ணெய் மட்டும் ஊருக்குள் தாராளமாக ஓடியது. அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது. ஐந்து பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உடைத்துவிடலாம் என்று முடிவு செய்து, ஒரு பஞ்சநாமா எழுதினேன். கார்பன் வைத்து மூன்று பிரதி. அதைத் தூக்கிக்கொண்டு வீதிவீதியாக அலைந்தேன். அந்த வாரத்தில் அரசாங்கக் காகிதத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? டீக்கடைக்காரர் படிக்காமலே தள்ளினார். மருந்துக்கடைக்காரர் மூன்று முறை படித்துவிட்டுத் தள்ளினார். வாத்தியார் ஒருவர், "எங்க பேரு எந்த லிஸ்ட்டுக்குப் போவுமோ, யாருக்குத் தெரியும்" என்று கதவைச் சாத்தினார். மதியம் ஆனது. ஐஸ் முழுக்கத் தண்ணீராகிவிட்டது என்று கம்பவுண்டர் ஆள் சொல்லி அனுப்பினார். நான் அப்போதும் கையெழுத்துக்குத்தான் அலைந்துகொண்டிருந்தேன். பொழுது சாயும்வரை ஒன்றும் கிடைக்கவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன் என்றும் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனபோது தாழ்வாரத்தில் அந்த ஊசிக் குழந்தையின் அப்பா, மலைக்காரர், உட்கார்ந்திருந்தார். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். சாமை விதைக்கிற குடும்பம். தினமும் இறங்கி ஏற முடியாது என்பதால் பதினான்கு நாளும் ஆஸ்பத்திரியிலேயே தங்குவதாக வந்திருந்தார். மடியில் மகள், ஏழெட்டு வயதிருக்கும். கெண்டைக்காலில் கட்டு. பாவாடை நாடாவைத் தொப்புளுக்குக் கீழே தளர்த்திக் கட்டிக்கொண்டு, ஊசி போட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு ஊசி முடிந்திருந்தது.

என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து அவர் எழுந்தார்.

"அந்தத் துணிய அவுக்கறதுக்குத்தான் கைநாட்டு கேக்குறீங்களாமே. நான் வெக்கலாங்களா?"

"இது என்ன காகிதம்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க. எங்க வெக்கணும்?"

நான் அவரை நீ என்றுதான் பேசினேன். மலைக்காரர்களிடம் எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசுவோம். மைப்பெட்டியில் கட்டைவிரலைத் தோய்த்து மூன்று பிரதியிலும் அழுத்தினார். ஊரில் ஒருவரும் நம்பாத காகிதத்தை அந்த மனுஷன் ஒரு கேள்வி கேட்காமல் நம்பினார். எனக்கு அவமானமாக இருந்தது. மற்ற நான்கு சாட்சிகளைத் தேட எனக்கு மனம் வரவில்லை. நேராகப் போய், டாக்டரின் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்துவந்து அரக்கை உடைத்தேன்.

வண்டியோடு வாசலிலேயே காத்திருந்த கொட்டகை முதலாளி அளவுகுச்சியை உள்ளே விட்டு எடுத்து என் கண்ணுக்கு நேராக நீட்டினார். விளிம்பு வரை டீசல். இரண்டாவது பேரலும் அப்படியே.

"பாத்துக்கினீங்களாம்மா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் தலையை ஆட்டினேன். எலக்ட்ரீசியன் வயரை இழுத்துக் கொடுத்ததும் கால் மணி நேரத்தில் ஃப்ரிட்ஜ் ஓடியது.

டாக்டர் குப்பி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நேற்று மதியத்திலிருந்து இன்று காலை பத்து மணி வரை குளிர் இல்லாமல் இருந்த மருந்து. கெட்டிருக்குமா என்று கேட்டேன். பார்த்துச் சொல்ல முடியாது, வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம் என்றார். சாலை திறந்தால்தான் வேறு மருந்து வரும். அதுவரை போடாமல் இருப்பது இன்னும் மோசம், இதையே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். அவர் உள்ளே போனதும் மலைக்காரர் என்னிடம் வந்தார். டாக்டரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

"மருந்து நல்லாத்தானே இருக்குதுங்க?"

"நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

ஏழாவது ஊசியிலிருந்து பதினொன்றாவது வரை அந்த மருந்துதான். மறியல் முடிந்து மரங்களை அகற்றியபின் புதுமருந்து வந்தது, கடைசி மூன்று ஊசி அதில். பதினான்காம் நாள் அப்பாவும் மகளும் மலைக்கு பஸ் ஏறினார்கள். பி.டி.ஓ. கடலூரிலிருந்து வந்து, தன் அனுமதியின்றி முத்திரையை ஏன் உடைத்தாய் என்று விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். எழுதிக் கொடுத்தேன். எச்சரித்து விட்டுவிட்டார்கள். கோப்பின்மேல் ஏற்பாடு வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது என்று குறித்தார்கள். அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

எனக்குப் பயம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. நாய்க்கடி விஷம் உடனே தெரியாது, மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு, ஒரு வருஷம்கூட ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும் என்றார். வந்துவிட்டால் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. மலை பஸ் வருகிற நேரத்துக்கு ஏதாவது சாக்குச் சொல்லி நிலையத்துப் பக்கம் போவேன். அந்தப் பக்கத்து ஆட்கள் இறங்கினால் முகத்தைப் பார்ப்பேன். கேட்கத் தைரியம் வராது. கேட்டு என்ன பதில் வந்துவிடுமோ என்று திரும்பிவிடுவேன்.

ஆறு மாதம் போயிற்று. வெள்ளிமலையில் பள்ளிக்கூடக் கூரை வேலையை அளக்க ஓவர்சியர் போனார். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பதிவேடு பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி, விடிந்ததும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். அங்கிருந்து விசாரித்து விசாரித்து ஒரு மைல் நடந்தேன். வழி கேட்டவர்களிடம் குழந்தையைப் பற்றி நான் கேட்கவில்லை, வீட்டை மட்டும் கேட்டேன்.

வாசலில் அவள் ஆட்டுக்குட்டிக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் உயரமாகியிருந்தாள். அங்கே கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

அவள் அப்பா உள்ளேயிருந்து சொம்போடு வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு கும்பிட்டார். தண்ணீர் எனக்கென்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் மகளைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தார். அவள் முகத்தைச் சுளித்தாள். அலுத்துப்போன சுளிப்பு. பிறகு மடமடவென்று குடித்தாள். அவர் அவளுக்கு எதிரே குந்தி, தொண்டை ஏறி இறங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்தார். கடைசி மடக்கு இறங்கியதும்தான் எழுந்தார். உள்ளே போய் எனக்கு வேறு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"தெனமும் காலையில இப்பிடிப் பாக்குறேங்க" என்றார், மகளுக்குக் கேட்காதபடி. "அவ அம்மாவுக்குத் தெரியாது. சூடு கொறையறதுக்கு டாக்டரு சொன்னாருன்னு சொல்லி வெச்சிருக்கிறேன்."

"டாக்டர் அப்படிச் சொன்னாரா?"

"இல்லீங்க. அன்னிக்கி மருந்து நல்லாத்தான் இருக்குதுன்னு நீங்க சொன்னீங்க இல்ல. அப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். அன்னிலேர்ந்து பாத்துக்கினு இருக்கிறேன்."

சொம்பைக் கீழே வைத்தேன். அவர் குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

"இன்னும் எத்தினி நாளைக்குப் பாக்கணுங்க?"

"ஒரு வருஷமாவது பாருங்க" என்றேன். "அதுக்கு மேலயும் ஆகலாம்னு டாக்டர் சொன்னாரு. ஆறு மாசம் தாண்டினதே நல்லதுதான்."

அவர் என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காகிதத்தைக்கூட அப்படிப் பார்க்காத மனுஷன்.

"இதாச்சும் நெசந்தானுங்களா?" என்று கேட்டார்.